மூன்று கட்டங்களில் ஒரு பெயர்

அந்த மஞ்சள் வரிக்கு என்ன அர்த்தம் என்று முதலில் தெரிந்துகொண்டவள் நான்தான். இதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். கடைசியில் சொன்னால் இதையும் மறைத்து வைத்ததாகிவிடும். மறைத்து வைத்தது போதும்.

அன்புச்செல்வியும் நானும் பரமத்தி வேலூரில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு மிஸ்ஸாக இருந்தோம். அவளுக்கு 'ஏ' பிரிவு, எனக்கு 'பி' பிரிவு. இடையில் ஒரு பிளைவுட் தடுப்பு. அவள் பாடுவது எனக்குக் கேட்கும், நான் கத்துவது அவளுக்குக் கேட்கும். என்னைவிட ஐந்து வயது இளையவள். கணவர் குணசீலன் லாரி டிரைவர். புறப்பட்டால் இருபது நாளைக்கு முகத்தைப் பார்க்க முடியாது. அவர்கள் வீடு வாய்க்கால் கரையில் இருந்தது. பின்கதவைத் திறந்தால் நாலு படி, படிக்குக் கீழே தண்ணீர். அதனாலேயே, அப்போது இரண்டரை வயதான மகள் மைதிலியை அவள் வீட்டில் யாரிடமும் விடுவதில்லை. கையோடு பள்ளிக்குக் கூட்டிவந்துவிடுவாள்.

அன்புச்செல்வியின் அப்பா பச்சமுத்து வாழை வைத்திருந்தவர். இவள் பன்னிரண்டாவது முடித்த மாதமே அவர் போய்ச் சேர்ந்தார். கல்லூரிக்கு வாங்கி வைத்திருந்த விண்ணப்பம் நிரப்பாமலே கிடந்து மக்கியது. அந்த அப்பாவின் மேல் இருந்த பிரியம் எல்லாம் ஒரே ஒரு எழுத்தில் போய் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். பிள்ளைகள் பெயர் எழுதப் பழகும்போது இனிஷியலை விட்டுவிட்டால் விடமாட்டாள். "மொதல்ல அப்பாவோட எழுத்து, பொறவு உங்க எழுத்து. அப்பா எங்க சாமி?" என்று சிலேட்டைத் திருப்பி நீட்டுவாள். மூக்கு துடைக்கத் தெரியாத பிள்ளைக்கு இனிஷியல் ஒரு கேடா என்று தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து நான் சிரிப்பேன்.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு ஜூன் மாதம், கரஸ்பாண்டென்ட் ஐயா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். பள்ளியின் முதலாளியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. "ரெண்டு பேருமே பன்னெண்டாவதோட நிக்கறீங்க. மூணு வருசம் டைம் தாரேன். அதுக்குள்ள டிகிரி காட்டணும். இல்லீன்னா மிஸ்ஸா இருக்க முடியாது, ஆயாவா இருக்கலாம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னது எதுவும் நடக்காமல் போனதில்லை.

ஆயா வேலை கேவலம் என்று அவள் நினைக்கவில்லை. பிள்ளைகளைக் கக்கூசுக்குக் கூட்டிப்போவதையும் தரை துடைப்பதையும் அவள் அப்போதே கூடமாட செய்துகொண்டுதான் இருந்தாள். அவள் பயம் வேறு. மிஸ்ஸின் பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கலாம், அம்மா வேலை முடியும்வரை வகுப்பிலேயே இருக்கலாம். ஆயாவின் பிள்ளைக்கு அந்தச் சலுகை கிடையாது. "மைதிலி எங்கண்ணு முன்னால இருக்கோணும்ங்க்கா. அதுக்காகத்தான் படிக்கறேன், வேற ஒண்ணுத்துக்குமில்லை" என்றாள்.

நான் நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். வேலைக்குப் போகிறவர்களுக்கென்று சனிக்கிழமை மதியமும் ஞாயிறு முழுக்கவும் வகுப்பு நடத்துகிற கல்லூரி. வீட்டில் உட்கார்ந்து என்னால் படிக்க முடியாது. உண்மையைச் சொன்னால், வாரத்தில் ஒன்றரை நாள் வீட்டைவிட்டுப் போகலாம் என்பதும் ஒரு காரணம். என் கணவர் சந்திரசேகர் வெற்றிலை மண்டியில் கணக்குப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார், மகள் அனிதாவைப் பார்த்துக்கொள்வார். அன்புச்செல்விக்கு அப்படி ஆள் இல்லை. அவள் ஆன்லைன் என்றாள். எங்கேயோ வடக்கே இருக்கிற பல்கலைக்கழகம், எல்லாமே போனில்.

விண்ணப்பம் போட்டது ஒரு மதியச் சாப்பாட்டு வேளையில். அவள் தட்டோடு என் பக்கம் வந்து போனை நீட்டினாள்.

"ஏனுங்க்கா, இது மூணு பேரு கேக்குதுங்க. எனக்கு ஒண்ணுதான இருக்குது?"

ஃபர்ஸ்ட் நேம், மிடில் நேம், லாஸ்ட் நேம். மூன்று கட்டம். மூன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், எதையும் காலியாக விட முடியாது. இனிஷியலை ஒரு கட்டத்தில் போட்டுப் பார்த்தேன். ஒற்றை எழுத்து செல்லாது என்றது. நமக்கு ஏது நடுப் பெயரும் கடைசிப் பெயரும்? இருந்தாலும் எனக்கு அப்போது எல்லாம் தெரியும் என்கிற எண்ணம். முதல் கட்டத்தில் அன்புச்செல்வி, நடுவில் பச்சமுத்து, கடைசியில் குணசீலன் என்று ஆங்கிலத்தில் அடித்தேன்.

"எங்கப்பாவையும் ஏத்திட்டீங்களா? குடும்பத்தோட காலேஜுக்குப் போறேன்னு சொல்லுங்க" என்று சிரித்தாள். பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டைப் படம் பிடித்து ஏற்றினோம். அவற்றில் 'ப. அன்புச்செல்வி' என்று இருந்தது. ஆதாரில் கணவர் எழுத்து, 'கு. அன்புச்செல்வி'. அடுத்தடுத்து ஏற்றியும் எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் அது படவில்லை. கடைசியில் இருந்த பச்சைப் பொத்தானை நான்தான் அழுத்தினேன். அவள் கையில் தயிர்சாதம் இருந்தது.

பத்து நாள் கழித்து நான் என் கல்லூரியில் சேர்க்கைக்குப் போனேன். அலுவலக ஜன்னலில் சௌந்திரம் என்று ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் சிவப்புப் பேனா. என் விண்ணப்பத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு 'ச. தேவிப்ரியா' என்று நான் எழுதியிருந்ததில் 'ச'வைச் சுற்றி வட்டம் போட்டார்.

"பத்தாவதுல என்ன இனிஷியல்?"

"மா போட்டிருக்குங்க. எங்கப்பா மாதேஸ்வரனுங்க. கல்யாணத்துக்கு அப்புறம்..."

"கல்யாணம் உனக்குத்தான் ஆச்சு, சர்ட்டிபிகேட்டுக்கு ஆகலை. பத்தாவதுல என்ன இருக்குதோ அதுதான் உம் பேரு. போய்த் திருத்தி எழுதிட்டு வா. இப்ப திருத்துனா ஒரு காகிதத்தோட போகும். படிப்பு முடிஞ்ச பின்னால வந்து நின்னீன்னா நோட்டரி, கோர்ட்டு, கெஜட்டுன்னு வருசம் ஓடிப்போயிரும்."

மூன்று தடவை வரிசையில் நின்றேன். அவ்வளவு பேர் முன்னால் திட்டியதில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் அந்த விண்ணப்பத்தின் ஓரத்தில் 'பத்தாம் வகுப்புச் சான்றின்படி இனிஷியல் திருத்தப்பட்டது' என்று சிவப்பு மையில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போதே அன்புச்செல்வியின் மூன்று கட்டம் நினைவுக்கு வந்தது. நான் போட்டது தப்பு. நாளைக்குக் காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை நான் போவதற்குள் அவளே போனோடு வாசலில் நின்றாள். சேர்க்கை கிடைத்துவிட்டது. பெயருக்குக் கீழே ஒரு மஞ்சள் வரி ஓடிக்கொண்டிருந்தது: நேம் வெரிஃபிகேஷன் பெண்டிங். "இது என்னங்க்கா?" என்றாள். இன்னொரு கையில் எனக்கென்று கொண்டுவந்த ஒரு டப்பா ஒப்புட்டு, பருப்புப் போளி. விண்ணப்பம் போட்டுக் கொடுத்ததற்காம். நான் டப்பாவைப் பார்த்தேன், வரியைப் பார்த்தேன். தப்பாகப் போட்டுவிட்டேன் என்று சொல்ல என் வாய் எழவில்லை.

"அது எல்லாருக்கும் வர்றதுதான் அம்மிணி. தானாப் போயிரும்" என்றேன்.

அவள் அந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் கேள்வி கேட்கும் இடத்திலும் எழுதிப் பார்த்திருக்கிறாள். உங்கள் பொறுமைக்கு நன்றி என்று நொடியில் பதில் வந்ததாம். மறுவாரம் கேட்டாள், அதே பதில். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். அந்தப் பக்கத்தில் சிவப்புப் பேனாவோடு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

படிப்பில் எந்த வழி நல்லது என்று இன்றைக்கும் யாராவது என்னைக் கேட்கிறார்கள். பாடத்தை மட்டும் பார்த்தால் அவள் படித்ததுதான் படிப்பு. அரிசி களையும்போது காதில் பாடம், மைதிலிக்குச் சோறு ஊட்டும்போது டப்பாவில் சாய்த்துவைத்த போனில் பாடம். புரியாவிட்டால் திரும்ப ஓட்டி, அதுவும் புரியாவிட்டால் மறுபடி ஓட்டிக் கேட்பாள். நான் நாமக்கல் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கினேன். அவள் எழுபத்தெட்டு சதவீதம். நான் ஐம்பத்து நாலு.

ஆனால் என் கல்லூரிக்கு என் உடம்பு அங்கே இருக்க வேண்டும். வருகை குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள். அனிதாவுக்கு அம்மை போட்டிருந்த ஞாயிறு, அம்மை போட்ட வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது தெரிந்தும் போனேன். வேப்பிலைப் படுக்கையிலிருந்து அவள் என்னைக் கூப்பிடவே இல்லை, வெறுமனே பார்த்தாள். அன்றைக்கு வகுப்பில் என்ன நடத்தினார்கள் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. அவள் குணமான பிறகும் பல மாதம் அம்மனுக்குப் பயந்துகொண்டே இருந்தேன்.

அன்புச்செல்வியின் படிப்புக்கு அவள் கண் அங்கே இருக்க வேண்டும். இரண்டாம் வருடத் தேர்வை ஒரு ஞாயிறு மதியம் வீட்டிலிருந்து எழுதினாள். இரண்டு மணி நேரம் போனின் கேமரா முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். தலை திரும்பினால் ஒரு எச்சரிக்கை, இன்னொரு தடவை திரும்பினால் தேர்வு ரத்து. மைதிலியை முன்னறையில் பொம்மையோடு உட்காரவைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி நேரம் பிள்ளை கதவைத் தட்டியிருக்கிறாள். "அம்மா, அம்மா" என்று அழுதிருக்கிறாள். இவள் திரும்பவில்லை. பிறகு அழுகை நின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் பின்கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

"அந்தத் தாப்பா அவளுக்கு எட்டாதுன்னு நெனச்சிட்டிருந்தேனுங்க்கா. எப்ப வளந்தாள்னே தெரியலை" என்றாள், மறுநாள் என்னிடம். "எந்திரிச்சா எல்லாம் போச்சு. எந்திரிக்காட்டியும் எல்லாம் போச்சு. இன்னும் பதினெட்டுக் கேள்வி. எழுதுனேனுங்க்கா. கை அதுபாட்டுக்கு எழுதுச்சு."

முடித்துவிட்டு ஓடியபோது பின்கதவு திறந்து கிடந்தது. மூன்றாவது படியில் மைதிலியின் ஒரு செருப்பு இருந்தது. இன்னொன்று இல்லை. இவள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தேடிக்கொண்டிருந்தபோது, நாலு வீடு தள்ளிக் குடியிருந்த பழனியம்மாள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்று சத்தம் போட்டிருக்கிறாள். ஒற்றைச் செருப்போடு கரையில் நடந்துபோன பிள்ளையை அவள்தான் பிடித்து முறுக்குக் கொடுத்து உட்காரவைத்திருந்தாள்.

இதைச் சொல்லும்போது அன்புச்செல்வி அழவில்லை, நான்தான் அழுதேன். அவள் போனில் தேர்வு முடிந்தது என்ற செய்திக்கு மேலே அந்த மஞ்சள் வரி அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. இப்போதாவது சொல் என்று என் மனசு அடித்துக்கொண்டது. இவ்வளவையும் தப்பான பெயரில் எழுதியிருக்கிறாய் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. அதுவரை நான் செய்ததைக் கோழைத்தனம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் வருடம் ஜனவரியில் கரஸ்பாண்டென்ட் ஐயா மறுபடி கூப்பிட்டார். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், வரும் ஜூனில் தடுப்பை எடுத்துவிட்டு இரண்டு பிரிவையும் ஒன்றாக்கப் போகிறார். ஒரு மிஸ், ஒரு ஆயா. "மார்க்கு நல்லா இருக்கறவங்களுக்கு மிஸ் வேலை" என்றார், சிரித்துக்கொண்டே.

எழுபத்தெட்டு, ஐம்பத்து நாலு. யாரும் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டியதில்லை. அன்றிலிருந்து நாங்கள் சேர்ந்து சாப்பிட்டாலும் பேச்சு குறைந்தது.

பிப்ரவரியில் ஒரு நாள் அவள் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். கடைசித் தேர்வுக்குப் பதிவு செய்ய வேண்டிய வாரம் அது. வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"தேவிக்கா, உங்க காலேஜுல பேரு எப்படிப் போட்டாங்க? இனிஷியல் ஏதும் கேட்டாங்களா? இந்த வரி போகவே மாட்டேங்குதுங்க. தூக்கத்துல கூட அந்த மஞ்சள்தான் வருது."

அப்போதும் நேரம் இருந்தது. பதிவுக்கு முன் திருத்தினால் ஒரு காகிதத்தோடு போயிருக்கும். சௌந்திரம் அம்மாவின் குரல் காதில் அப்படியே கேட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கம் மைதிலி யாரோ ஒரு பிள்ளைக்குச் சிலேட்டில் எழுதச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் ஒண்ணும் கேக்கலையே அம்மிணி. நீ போட்டுக் கொழப்பிக்காதே" என்றேன்.

"அப்பப் போச்சாதுங்க, பரவால்லை" என்று எழுந்துபோய்க் கை கழுவினாள். நான் சொன்னதை நம்பினாள். என்னை நம்பாமல் இருக்க அவளுக்கு ஒரு காரணமும் இல்லை.

மே மாதம் பள்ளியில் சேர்க்கை நேரம். ஐயா எங்கள் சான்றிதழ்களை மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். விண்ணப்பத்திலிருந்து பட்டம் வரை எல்லாவற்றின் கலர் நகலும் கேட்டிருந்தார். பத்தாவதும் டிகிரியும் ஒரே பெயரில் இருந்த என்னுடையதை இரண்டு நிமிடத்தில் பார்த்து ஓரமாக வைத்தார். அவளுடையதை எடுத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, மறுபடி பார்த்தார்.

"மார்க் ஷீட்டுல ப. அன்புச்செல்வி. ஆதார்ல கு. அன்புச்செல்வி. டிகிரில அன்புச்செல்வி பச்சமுத்து குணசீலன். மூணு ஆளு நிக்கறாங்களேம்மா. இதுல நீ யாரு?"

"மூணும் நாந்தானுங்க ஐயா."

"உனக்குத் தெரியுது, எனக்கும் தெரியுது. ஆய்வுக்கு வர்றவனுக்குத் தெரியோணுமே? பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள ஒரே பேராக் கொண்டா."

நோட்டரியிடம் போனாள், வக்கீலிடம் போனாள், கெஜட்டுக்கு எழுதிப்போட்டாள். வடக்கே இருந்த அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வாசல் இல்லை, போய் நிற்க ஜன்னல் இல்லை. ஒரு நம்பர் இருந்தது. அதில் பதிவு செய்த குரல் ஒன்று அவள் பொறுமைக்கு நன்றி சொன்னது. திருத்தம் செய்யும் காலம் முடிந்துவிட்டது, உரிய ஆணை கிடைத்தபின் தொண்ணூறு வேலை நாட்கள் ஆகும் என்று ஜூன் முதல் வாரம் ஒரு மெயில் வந்தது.

இடையில் ஐயா அவளை ஆபீஸில் ஃபைல் அடுக்கச் சொல்லியிருந்தார். அந்த விண்ணப்பத்தின் நகலோடு என் ஃபைலும் அதில்தான் இருந்தது. எனக்கு அப்போது அது தோன்றவில்லை.

பள்ளி திறந்த அன்று தடுப்பு இருந்த இடத்தில் தரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது. நான் மேசையில் உட்கார்ந்திருந்தேன். அன்புச்செல்வி ஆயாக்களுக்குக் கொடுக்கும் நீல மேலங்கியைப் போட்டுக்கொண்டு வாளியோடு உள்ளே வந்தாள். மைதிலிக்கு டி.சி. வாங்கி அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டதாகச் சொன்னாள். நல்ல பள்ளிதான், டீச்சரும் தங்கமானவர். ஆனால் நாலு மணிக்கு விட்டுவிடுவார்கள். இவள் வகுப்பைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போக ஐந்தரை ஆகும். அன்றைக்குப் பிள்ளையைக் கரையில் பிடித்த பழனியம்மாளும் மகளோடு இருக்க ஜலகண்டாபுரம் போய்விட்டாள். பிள்ளையிடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறாள்.

வருகைப் பதிவில் ஆயா பெயரையும் வகுப்பு மிஸ்தான் எழுத வேண்டும். பேனாவை எடுத்து 'அன்புச்செல்வி' என்று எழுதினேன். முன்னால் இருந்த சின்ன இடத்தில் கை நின்றுவிட்டது. எதையாவது பேசவேண்டும் என்று, "இனிஷியல் என்ன போடட்டும் அம்மிணி?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

வாளியைக் கீழே வைத்தாள். கோபமே இல்லை அந்த முகத்தில். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"செவப்பு மையில எழுதிக் குடுத்திருக்காங்களேங்க மிஸ், தேதியோட. உங்களுக்குத்தான் மொதல்லயே தெரியுமே" என்றாள்.

அதுவரை என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

மாலை நாலு மணிக்குப் பிள்ளைகள் போனார்கள். அவள் தரையைத் துடைக்கத் தொடங்கி, வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்திவிட்டு, ஜன்னலுக்கு வெளியே வாய்க்கால் இருக்கும் திசையைப் பார்த்தாள். நீ போ, நான் துடைக்கிறேன் என்றேன். "வேண்டாங்க மிஸ்" என்று மறுபடி குனிந்துகொண்டாள். மேட்டூரில் அணை திறந்து வாய்க்கால் நிறையத் தண்ணீர் வந்த வாரம் அது.